ஏழுக்குக் கீழே இறங்காத வால்யூம்

"வால்யூமை மூணுல வச்சா கொசு மாதிரி இருக்கு. அஞ்சுல வச்சா ஜலதோஷம் பிடிச்ச கொசு மாதிரி இருக்கு" என்றார் சுஜீந்திரன்.

"ஆஃப் பண்ணிடுங்க. கொசுத்தொல்லையே இருக்காது" என்றாள் அவர் மனைவி மயூரா, அடுப்பை விட்டுத் திரும்பாமலே.

தெம்பனிஸ் வீட்டுக் கூடத்தில் சோபாவை ஓரங்கட்டிவிட்டு, அந்த இடத்தில் புது கிட்டார் ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டி உட்கார்ந்திருந்தது. புதிதாக வாங்கியதுதான், ஆனால் அந்தக் காலத்து மாடல். உள்ளே வால்வுகள். அவை சூடேறினால்தான் பெட்டி வாயைத் திறக்கும். முகப்பில் ஐந்து குமிழ்கள்: வால்யூம், ட்ரெபிள், பாஸ், மிடில், பிரெசென்ஸ். எதை எந்த எண்ணில் வைப்பது என்று ராத்திரி ராத்திரியாக வாசித்துத் தேடத் தொடங்கி மூன்று வாரமாகிவிட்டது. அதற்குள் தீபாவளி நெருங்கிவிட்டது.

சனிக்கிழமை அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தீபாவளிக் கலைநிகழ்ச்சி. அதில் ஒரு பழைய பாட்டை கிட்டாரில் வாசிப்பதாக சுஜீந்திரன் பெயர் கொடுத்திருந்தார். விழாக் குழுத் தலைவர் குலசிங்கம் எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டார். "கரோக்கே போதும் லா. உங்க கிட்டாரைக் கேட்டா கூட்டம் கலைஞ்சிடும்."

அது சுருக்கென்று தைத்தது. சுஜீந்திரன் காப்புறுதி அலுவலகத்தில் தணிந்த குரலிலேயே காலம் தள்ளியவர். மீட்டிங்கில் அவர் வாயைத் திறந்தால் மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பார். ரயிலில் போன் பேசினால் பக்கத்து சீட் முறைக்கும். ஐம்பது வயதுவரை யாராவது ஒருவர் அவர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேதான் இருந்தார். இந்தத் தடவை குறைப்பதாக இல்லை. குலசிங்கத்தின் காதில் விழவேண்டியது விழுந்தே ஆகவேண்டும்.

"வால்வு வியர்க்கணும், வால்யூம் ஏழுக்குக் கீழே இருந்தா அது ஆம்பே இல்லை" என்று யூடியூபில் ஒரு தாடிக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். சுஜீந்திரன் ஏழில் வைத்தார். பாட்டின் ஆரம்பத்தை வாசித்தார்.

கிட்டாருக்குக் குரல் வந்துவிட்டது. கனமாக, லேசான கரகரப்போடு, நெஞ்சைத் தொட்டுப் பேசியது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ட்ரெபிள் மட்டும் ஒரு மயிரிழை கூடுதல். குறைத்துவிட்டு மறுபடி ஆரம்பத்தை வாசித்தார். இப்போது பாஸ் போதவில்லை.

போன் அதிர்ந்தது. புளோக் வாட்ஸ்அப் குழுவில் மேல்வீட்டு ஜாஃபர். "ஏழாவது மாடி கிட்டார், ப்ளீஸ். தாங்க முடியல." கூடவே இரண்டு கும்பிடு.

"பாத்தீங்களா? கொஞ்சம் குறைங்க" என்றாள் மயூரா.

"வால்யூமைத் தொட மாட்டேன். ட்ரெபிள்தான் காதைக் குத்துது. அதை இறக்கிட்டு பாஸைக் கூட்டுறேன். பாஸ் சாது. யாரையும் ஒண்ணும் பண்ணாது."

சாதுவான பாஸ் முதலில் கண்ணாடி அலமாரியை உலுக்கியது. சிராங்கூன் ரோட்டில் மயூரா பார்த்துப் பார்த்து வாங்கிய பித்தளை விளக்கு நகர்ந்து நகர்ந்து மேசை விளிம்புக்கே வந்துவிட்டது. அவள் பாய்ந்து பிடித்தாள். வாட்ஸ்அப்பில் ஆறாவது மாடி, தங்கள் ஃபேன் ஆடுவதாக வீடியோவே போட்டிருந்தது.

"விளக்கு விழுந்து நசுங்கியிருந்தா உங்க ஆம்புக்குத்தான் திரி போட்டிருப்பேன்" என்றாள் மயூரா.

சுஜீந்திரன் யோசித்தார். இந்த புளோக்கில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாம் ஷெல்டர் உண்டு. கனத்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. குண்டு விழுந்தாலே தாங்கும் என்று கட்டிய அறைக்கு ஒரு கிட்டார் எம்மாத்திரம்? அரிசி மூட்டையையும் பழைய சூட்கேஸ்களையும் வெளியே தள்ளிவிட்டு, ஆம்போடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மிடிலைக் கூட்டி ஆரம்பத்தை வாசித்தார். குறைத்து ஆரம்பத்தை வாசித்தார். வெளியே வந்தபோது சட்டையைப் பிழியலாம்போல இருந்தது.

மயூரா போனை நீட்டினாள். இப்போது நாலாவது மாடியிலிருந்து பதினொன்றாவது மாடிவரை எல்லாரும் எழுதியிருந்தார்கள்.

"எல்லா வீட்டு ஷெல்டரும் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கியிருக்குங்க. ஒரே சுவர்தான். கீழேருந்து மேல வரைக்கும் நேரா அனுப்பிட்டீங்க."

"அனுப்புனது அனுப்புனதுதான்" என்றார் சுஜீந்திரன். அவருக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து நின்றது. ஆம்பைக் கூடத்துக்கு இழுத்து வந்தார். வாசல் கதவை விரியத் திறந்து வைத்தார். வால்யூமை ஏழிலிருந்து ஒன்பதுக்குத் திருப்பினார்.

"என்னங்க, நாளைக்கு நிகழ்ச்சி. இன்னிக்கே போலீஸ் வரணுமா?"

"வரட்டும்."

ஆரம்பத்தை வாசித்தார். காரிடார் கிடுகிடுத்தது. பிரெசென்ஸ் கொஞ்சம் தூக்கல் என்று பட்டது. குமிழைத் திருகிக்கொண்டிருக்கையில் லிஃப்ட் திறந்தது. ஜாஃபர் முன்னால் வந்தார். பின்னால் குலசிங்கம், அவருக்கும் பின்னால் ஒரு கூட்டம்.

சுஜீந்திரன் கிட்டாரை மாட்டியபடியே வாசலுக்குப் போய் நின்றார்.

"நீங்க யாரும் பேச வேணாம். நான் பேசுறேன். ஜாஃபர், உங்க வீட்டு ரெனோவேஷனுக்கு ரெண்டு மாசம் ட்ரில் போட்டீங்க. நான் வாயத் திறந்தேனா? குலசிங்கம், நீங்க கரோக்கேல பாடுறத இந்த புளோக்கே பொறுத்துக்கிட்டிருக்கு. டவுன் கவுன்சிலைக் கூப்பிடுங்க, யாரை வேணும்னாலும் கூப்பிடுங்க. இத்தனை வருஷம் குறைச்சாச்சு. இனி ஒரு புள்ளி குறைக்க மாட்டேன்."

மயூரா கரண்டியோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். "அவர் குறைக்க மாட்டார்" என்றாள் அவளும்.

குலசிங்கம் தரையைப் பார்த்தார். ஜாஃபர்தான் ஓரடி முன்னால் வந்தார். தூங்கிப் பல நாளான முகம்.

"குறைக்கச் சொல்லி யாரு வந்தா, அண்ணே? சவுண்ட் பிரமாதம். மூணு வாரமா முதல் வரியோட நிறுத்திடுறீங்க, மொத்த புளோக்கும் தூங்காம காத்துக்கிட்டிருக்கு. உங்களுக்கு ரெண்டாவது வரி தெரியுமா, தெரியாதா?"