மூன்றாம் தலத்துக்கு முன்னே விழுந்த கதை

துன்பத்தைப் பற்றி மிக நன்றாகப் பேசுகிறவர்கள் அதைப் பட்டுப் பார்க்காதவர்கள்தான். இருபத்திரண்டு வயதில் நான் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். (அதுவரை நான் பட்ட பெரிய துன்பம் ஒரு பல்வலி.)

என்னிடம் அகப்பட்டவள் என் அக்கா மெற்றில்டா. நாட்டில் சண்டை முடிந்து, இனி நல்ல காலம் என்று எல்லோரும் மூச்சுவிட்ட நேரத்தில், அத்தான் ஒரு காற்று நாளில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. அதன் பிறகு அக்கா கோயில் பக்கம் போகவில்லை. அழவும் இல்லை. எங்கள் ஊரான கண்டக்குழிக் கரையோரத்தில் தன் வீட்டு வேலிக்குள்ளேயே இருந்தாள். இவளையும் இழந்துவிடுவோமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை மறைக்கப் பிரசங்கம் செய்தேன்.

"அக்கா, துன்பத்திலதான் ஆண்டவர்ட மகிமை வெளங்கும்."

"ஓம். பல்லு வலிச்ச அண்டைக்கு நீ போட்ட சத்தத்தில மகிமை நல்லா வெளங்கினதுதான். ஊரே கேட்டது."

பேச்சு எடுபடவில்லை. ஆகவே காட்சியாகக் காட்டத் தீர்மானித்தேன். பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ச் சிலுவைப்பாதை கடற்கரை மணலில் நடக்கும். இயேசு சிலுவை சுமந்த கதையை நின்று நின்று சொல்லிப் போகப் பதினான்கு தலங்கள். ஒவ்வொன்றிலும் உபதேசியார் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, நாங்கள் நடித்துக் காட்டுவோம். அந்த வருடம் நான்தான் இயேசு. ஊர்வலம் அக்கா வீட்டு வேலியைத் தாண்டித்தான் போகும். அவள் பார்ப்பாள், உருகுவாள், பின்னால் வருவாள். திட்டம் அதுதான்.

கோயில் சிலுவை மெல்லிய பலகை, உள்ளே வெறும் கூடு. அதைச் சுமப்பது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. அப்போதுதான் தறித்த தென்னையில் புதிதாக ஒன்று செய்வித்தேன். (பச்சைத் தென்னை என்ன கனம் கனக்கும் என்று ஊரில் தெரியாத ஒரே ஆள் நான்.) போதாக்குறைக்கு முதல் நாளிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம்.

இயேசு விழுவது மூன்று முறை; முதல் முறை மூன்றாம் தலத்தில். நான் இரண்டாம் தலத்தைத் தாண்டியதுமே, சரியாக அக்கா வீட்டுக்கு முன்னால், நண்டு வளைக்குள் கால் போய் விழுந்தேன். கணுக்கால் 'மடக்' என்றது. சிலுவை முதுகில் ஏறிப் படுத்துக்கொண்டது.

சனம் முழந்தாளிட்டது. "என்ன உருக்கமா விழுறான்!" என்று யாரோ விம்மினார்கள்.

உபதேசியார் பக்கத்தைப் புரட்டியபடி குனிந்தார். "தம்பி, இன்னும் மூண்டாம் தலம் வரல்ல. எழும்பு."

"கால்! கால் முறிஞ்சிட்டுது!"

"கதைக்காத. இந்த இடத்தில இயேசு கதைக்கிறயில்ல."

படைவீரனாக வந்த மச்சான் அந்தோனி கயிற்றுச் சவுக்கால் உற்சாகமாக விளாசினான். சிலுவை சுமக்க உதவ வேண்டிய சீமோன், அதாவது எங்கள் சூசை மாமா, ஐந்தாம் தலத்தில் தாழை நிழலில் பீடி பிடித்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தார். நான் உண்மையாகவே அழத் தொடங்கினேன். நான் அழ அழ, சனத்தின் பக்தி கூடிக்கொண்டே போனது.

வேலிப் படலை திறந்தது. அக்கா ஓடிவந்தாள்.

"நிப்பாட்டுங்கடா! இவன் நடிக்கல்ல! மெய்யா அழுதா இவனுக்கு வாய் ஒரு பக்கம் கோணும். பாருங்க!"

ஊர் முழுவதும் என் வாயைப் பார்த்தது. அக்கா சவுக்கைப் பறித்து அந்தோனிக்கே ஒன்று வைத்தாள். பிறகு முக்கி முனகிச் சிலுவையை என் மேலிருந்து புரட்டினாள்.

"இது கணக்கில்ல அக்கா," என்றேன். "நான் இன்னும் மூண்டு தரம் விழ வேணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். சிரித்தாள். மணலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. அத்தானின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. பெண்கள் வந்து அவளைச் சுற்றி அமர்ந்தார்கள். உபதேசியார் புத்தகத்தை மூடிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிலுவையின் ஒரு முனையைப் பிடித்தாள். மற்றப் பக்கங்களைப் பெண்கள் பிடித்தார்கள். என்னை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, இரண்டு ரோமப் படைவீரர்கள் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். ஐந்தாம் தலத்தில் சூசை மாமா பீடியை எறிந்துவிட்டு, "எண்ட வேலைய ஆரு செய்யிற?" என்று கோபித்துக்கொண்டார்.

கடைசியில் கோயில் வாசலுக்கு வந்ததும் அக்கா நின்றுவிட்டாள்.

"எனக்கு இன்னும் ஆண்டவரோட கோவம்தான்," என்றாள் உபதேசியாரிடம்.

"கோவத்தோடயே வா பிள்ள. அவர் உள்ளுக்கதான் இருக்கிறார்."

போனாள். நான் மாதக்கணக்கில் பிரசங்கித்த அந்த மகிமையைக் கதிரையில் இருந்தபடி அன்றுதான் முதல் தடவையாகக் கண்டேன். அது வீட்டுச் சட்டையோடு, தலை கலைந்து, முழங்கால் எல்லாம் மணலாகக் கோயிலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வருடத்திலிருந்து எங்கள் ஊரில் சீமோன் முதலாம் தலத்திலேயே இயேசுவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார். எனக்கு மழைக்கு முன் கணுக்கால் வலிக்கும். வீட்டில் யார் கஷ்டமென்று போன் எடுத்தாலும், அக்கா முதலில் கேட்பது ஒன்றைத்தான்.

"மெய்யா விழுந்தியா, தலத்துக்கு விழுந்தியா?"

எல்லோரும் சிரிப்பார்கள். மெய்யாகத்தான் என்று சொன்னால், அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடுவாள்.