எனக்குப் புடிக்கல, அவ்ளோதான்

திருக்கனூர் வட்டாரத்திலேயே பொய் சொல்லாத நாக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை அறுத்து அடுப்பில் போட வேண்டும் என்று நான் தினமும் நினைத்தேன்.

அந்த நாக்குக்குச் சொந்தக்காரரை ஊரே ‘ரிட்டன்’ என்றுதான் கூப்பிட்டது. என் ஓட்டலுக்கு எதிரே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வயலில் எரிந்துபோகிற மோட்டாரெல்லாம் அவரிடம்தான் வரும். மதியம் ஆனதும் கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வருவார். ஓட்டல் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை, நாலு டேபிள். நான் சமைப்பேன், என் மனைவி வசந்தா பரிமாறுவாள். பக்கத்தில் பிரியாணிக் கடை வந்த பிறகு ஈ ஓட்டுவதுதான் எங்கள் முக்கிய வேலை.

முதல் நாள் காரக்குழம்பு. வந்தவர் இலையின் ஓரத்தில் ஒரு துண்டு கிழித்தார். அதில் துளி சோறும் துளி குழம்பும் வாங்கி வாயில் வைத்தார். பிறகு முழு இலையையும் அப்படியே முன்னால் தள்ளினார்.

“எடுத்துக்கம்மா. எனக்குப் புடிக்கல.”

வசந்தாவுக்கு முகம் செத்துவிட்டது. நான் கரண்டியோடு வெளியே வந்தேன்.

“இன்னாங்க, உப்பு கம்மியா?”

“இல்லப்பா.”

“கல்லு, முடி எதுனா?”

“ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் செஞ்சிருக்க. எனக்குப் புடிக்கல, அவ்ளோதான்.”

முடி கிடந்தது என்று பொய் சொல்லியிருந்தால்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டு மறந்திருப்பேன். குற்றமே இல்லை, ஆனால் பிடிக்கவில்லை என்கிற ஆளை என்ன செய்வது? பணத்தை முழுசாக வைத்துவிட்டு எழுந்தார். வேண்டாம் என்றால் அவருக்குக் கோபம் வேறு வந்தது. போகும்போது எனக்கு நியாயமும் சொன்னார்.

“நான் வாய் வச்சது அந்தத் துண்டுலதான். எலையில என் கை படல, எச்சில் இல்ல. வேற யாருக்குனா குடு.”

“யோவ், வர்ற நாலு பேர் எதிர்ல நீ வேணாம்னு தள்ளினத எவன்யா வாங்கித் துன்னுவான்?”

“அது அவனுங்க பிரச்சன.”

அவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனி வேலை முடிந்து வருகிறவர்கள், உட்காருவதற்கு முன்னால் அவர் இலையைத்தான் பார்ப்பார்கள். “பெருசு இன்னிக்கு இன்னாத்த தள்ளுச்சி?” என்று கேட்டுவிட்டு, அதைத் தவிர மற்றதை வாங்குவார்கள். தள்ளியது குண்டானில் கிடக்கும். என் பிழைப்பு கெட்டுக்கொண்டிருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவர் கடைக்கே போய்க் கத்தினேன்.

“புடிக்கலன்னா ஏன்யா டெய்லி வர? ஊர்ல வேற ஓட்டலே இல்லயா?”

அவர் நிமிரவே இல்லை. கம்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னார். “அங்கெல்லாம் புடிக்கலன்னா சிரிச்சிக்கினே ‘சரி சார்’ன்றான். நாளிக்கும் அதே கொழம்புதான். நீதான் திட்டிட்டு, மறுநாள் வேற மாரி வெக்கிற. எங்கிட்ட கட்டின மோட்டார் திரும்பி வரலியா? சத்தம் புடிக்கலன்னு கொண்டாறான். கோச்சிக்கிறனா? பிரிச்சி மறுபடியும் கட்றேன்.”

அன்று எனக்கு வெறி பிடித்தது. இந்த ஆள் ஒரே ஒரு நாள் என் சாப்பாட்டை இலை வழித்துத் தின்ன வேண்டும். கடையை மூடுவதென்றாலும் அதற்குப் பிறகுதான் மூடுவேன்.

என்ன பிடிக்கும் என்று கேட்டால், “சொல்லத் தெரியலயே” என்பார். பொண்டாட்டி கைப்பக்குவத்தில் பழகிய நாக்கோ என்று விசாரித்தேன்.

“அவகிட்டயும் இதேதான் சொன்னேன். போயிட்டா.”

“அய்யய்யோ, சாமிகிட்டயா?” என்று வசந்தா நெஞ்சில் கை வைத்தாள்.

“மங்கலத்துக்கு. அவ அண்ணன் வூட்டுக்கு.”

கடைசியாக ஏரி விரால் வாங்கி, மண்சட்டியில் குழம்பு வைத்து, ஓர் இரவு ஊறவிட்டு மறுநாள் ஊற்றினேன். துண்டு இலையில் வைத்துச் சுவைத்தார். மறுபடியும் கொஞ்சம் கேட்டார். இரண்டாவது தடவை அவர் எதையும் கேட்டதே கிடையாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைத் தூக்கியபடி அப்படியே பார்த்தார்கள். நான் கரண்டியோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“கிட்ட வந்துட்டப்பா,” என்றார். இலையைத் தள்ளினார்.

அந்த ஐப்பசி மழையில் ஒரு காலை, தன் கடை ஷட்டரைப் பாதி தூக்கியவர் அங்கேயே விழுந்து கிடந்தார். மாரடைப்பில் உயிர் பிரிந்திருந்தது. அடுத்த நாள் வைத்த குழம்பை யாரும் தள்ளவில்லை. எல்லாம் விற்றுத் தீர்ந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

காரியத்துக்கு முன்தினம் மங்கலத்திலிருந்து அவர் மனைவி என் ஓட்டலுக்கு வந்தார்.

“அண்ணே, படையல்ல அவுருக்குப் புடிச்சத வெக்கணும். உனக்குத்தான் தெரியும். டெய்லி உங்கிட்டதான துன்னாரு.”

“துன்னாரா? ஏம்மா, கட்டிக்கினவ நீ. உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஏண்ணே மங்கலத்துக்குப் போறேன்?”

வேறு வழியில்லை. அவர் திருப்பி அனுப்பிய அத்தனையையும் சமைத்தேன். காரக்குழம்பு, கூட்டு, வறுவல், விரால் மீன் வரைக்கும். தலைவாழை இலை கொள்ளவில்லை. பழக்க தோஷத்தில் வசந்தா ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்து வைத்தாள்.

அவர் வீட்டு மொட்டை மாடியில் இலையை வைத்துக் கூப்பிட்டதும் ஒரு காக்கை வந்தது. துண்டு இலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகச் சோற்றில் இறங்கியது.

“வந்துட்டாருப்பா! மனசார துன்றாரு பாரு!” என்று எல்லோரும் கும்பிட்டார்கள். அந்தம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்.

நான் மட்டும் காத்திருந்தேன். காரக்குழம்பையாவது தள்ளும் என்று பார்த்தேன். தள்ளவில்லை. இன்னும் நாலைந்து காக்கைகள் வந்து சேர்ந்தன. மீன் குழம்பில் கிடந்த கறிவேப்பிலையைக்கூட விட்டு வைக்கவில்லை.

இலை துடைத்ததுபோல் கிடந்தது. ஆள் நிஜமாகவே போய்விட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.