பதூலுக்குப் பயம் வேண்டும்

பெய்ரூத்தில் இறைவன் காவலில் இருக்கும் என் மரியாதைக்குரிய அக்கா நஜ்வாவுக்கு, தெற்கே டயருக்கு ஒட்டுப்போட்டுப் பிழைக்கும் உன் தம்பி முஹ்ஸின் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவி இப்திஸாமும் மகள் பதூலும், இதை எழுதும் இந்த நிமிஷம் வரை, நலம். அடுத்த நிமிஷத்துக்கு நான் பொறுப்பில்லை. போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தை வீணாக்குகிறேன் என்று நீ திட்டுவாய். போனில் பேசுவதை நம்மைத் தவிர வேறு யார் யாரோ கேட்கிறார்கள் என்று ஊரே சொல்கிறது. என் எழுத்துப்பிழையை நீ ஒருத்தி பார்த்தால் போதும்.

விஷயம் பதூலின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அது நடக்குமா நடக்காதா என்பது மந்திரிக்கே தெரியாது போலிருக்கிறது. ஒருநாள் பரீட்சை கிடையாது, எல்லாருக்கும் சும்மா ஒரு சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள் என்று செய்தி வரும். பதூல், ராத்திரி பகலாகப் படித்ததெல்லாம் போச்சே என்று அழுவாள். மறுநாள் பரீட்சை உண்டு என்பார்கள். இன்னும் பாதி பாடம் பாக்கி என்று அழுவாள். "நடக்குமா நடக்காதா, ஒண்ணு சொல்லுங்க பாபா"ன்னு கேட்டாள். நானும் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "நடந்தா படிச்சிருக்கணும், நடக்கலைன்னா படிச்சது மண்டையில இருக்கும்"னு சொன்னேன். "அதாவது உங்களுக்கும் தெரியாது"ன்னுட்டுப் போயிட்டா.

உம்மு காமில் இந்த வாரமும் எங்கள் கூரையை விட்டு நகரவில்லை. மேலே சுற்றிக்கொண்டே இரைகிற அந்த ஆளில்லா விமானத்துக்குக் 'காமிலின் அம்மா' என்று பேர் வைத்தவன் யாரோ, இப்போது அவள் வாடகை கொடுக்காத மேல்வீட்டுக்காரி மாதிரி ஆகிவிட்டாள். இப்திஸாம் துணி காயப்போடும்போது அண்ணாந்து பார்த்துச் சண்டை போடுகிறாள். "ஏம்மா, உன் காமிலுக்குப் பரீட்சை கிடையாதா? போய் அவனைப் படிக்க வையேன்." நான் அவளை உள்ளே இழுத்தேன். "ஏங்க, அதுக்குக் காது கேட்கும்னா நினைக்கிறீங்க?"ன்னா. கண்ணு இருக்கே, அதான் என் கவலை.

நானும் அப்பனாக லட்சணமாகப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் கேட்டேன் அக்கா. எல்லாம் பிரெஞ்சு. அவள் கடகடவென்று ஒப்பிக்க ஒப்பிக்க நான் தலையை ஆட்டி "அருமை" என்றேன். கடைசியில் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "ஒரே வரியை மூணு தடவை சொன்னேன் பாபா. மூணுக்கும் அருமைன்னீங்க." நான் எட்டாம் வகுப்பிலேயே வாத்தியாரிடம் தப்பித்து ஓடியவன். மகளிடம் மாட்டினேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. போன வாரம் பள்ளியில் மாதிரித் தேர்வு. என் கடைக்குப் பின்சுவர்தான் அவர்கள் மண்டபம் என்பது உனக்குத் தெரியும். ஒரு லாரி டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன், பேச்சு வாக்கில் கொஞ்சம் அதிகமாய்ப் போயிருக்கிறது, டமார் என்று வெடித்தது. குண்டு என்று தெருவே தரையில் படுத்துவிட்டது. லாரிக்கு அடியில் முதலில் போனவன் யார் என்று கேட்காதே, வெடிக்கவைத்தவனே நான்தான் என்பதையும் மறந்து கலிமா சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியை முழங்காலில் தூசியோடு வந்தார். "முஹ்ஸின், பரீட்சை முடியற வரைக்கும் உன் கடைக்கு லீவு விடு. என் பிள்ளைங்க எல்லாம் பெஞ்சுக்கு அடியில கிடக்குது. ஒருத்தியைத் தவிர."

அந்த ஒருத்தி நம் பதூல். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தாளாம். அப்பா கடை டயர் என்று கண்டுபிடித்துவிட்டாள் போல, என்ன புத்தி என்று நான் பெருமையாக வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "டயருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"னா. அப்புறம் ஏன்மா படுக்கலைன்னேன். "சத்தம் காதுல விழுந்துச்சுன்னா நம்ம மேல விழலைன்னுதானே அர்த்தம். அதுக்கப்புறம் படுத்து என்ன பாபா ஆகப்போகுது? மூணாம் கேள்வி பாக்கி இருந்துச்சு." இதைச் சொல்லிட்டுத் தயிரும் வெள்ளரிக்காயும் கேட்டா.

அக்கா, எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு உம்மு காமிலைக் கண்டால் பயம், செய்தி வாசிக்கிறவளைக் கண்டால் பயம், மோட்டார் சைக்கிள் பின்னால் வந்தால் பயம். எல்லாப் பயத்தையும் சேர்த்து வைத்தாலும், பயப்படாத என் பிள்ளையைப் பார்க்கும்போது வருகிற பயத்துக்கு ஈடாகாது. பதினேழு வயசுப் பெண் கரப்பான்பூச்சிக்குக் கத்த வேண்டாமா?

அதனால் அவளை உன்னிடம் அனுப்புகிறேன். உங்கள் பக்கம் சில மாதமாக அமைதி என்கிறார்கள். பரீட்சையை அங்கேயே எழுத ஏற்பாடு செய்யலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். நீ அவளைப் படிக்கச் சொல்ல வேண்டாம், அவளே படிப்பாள். சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிற பிள்ளையாக ஆக்கிவிடு, அது போதும். நாளைக்குக் காலையில் அபு ராகிபின் வேனில் வருகிறாள். அவளோடு ஆலிவ் எண்ணெயும் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஸஅதர் பொடியும் வருகின்றன. எண்ணெய் வழியில் சிந்தினால் அபு ராகிபைத் திட்டு, என்னை வேண்டாம்.

உன் முழங்கால் வலி குறையட்டும். உன் வீட்டுக் கதவை நல்ல செய்தி மட்டும் தட்டட்டும்.

உன் தம்பி,
முஹ்ஸின்

பின்குறிப்பு: வேறு தாள் எடுக்க நேரமில்லை. மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. இப்போதுதான் தொலைக்காட்சியில் வரைபடம் காட்டினார்கள், சிவப்பு அடித்திருப்பது உன் தெரு அக்கா. குண்டு போடப் போகிறார்களாம், எல்லாரும் வெளியேற வேண்டுமாம். உன் போன் அடிக்கவே மாட்டேன் என்கிறது. அபு ராகிப் இந்தக் கடிதத்தோடு வேனைக் காலியாக எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்புகிறான். வீட்டில் இல்லையென்றால் உங்கள் தெருமுனை ரொட்டிக்கடை, அங்கே இல்லையென்றால் பள்ளிவாசல், எங்கே இருந்தாலும் தேடச் சொல்லியிருக்கிறேன். இதை நீ படிக்கிறாய் என்றால் கண்டுபிடித்துவிட்டான். எதையும் எடுக்காதே, ஏறு, இங்கே வா. பதூல் தன் அறையை உனக்காகக் காலி செய்துவிட்டாள். புத்தகத்தையெல்லாம் மூலையில் போட்டுவிட்டு வாசலில் நின்று உன் எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்கிறாள். பின்னால் போய்க் கூப்பிட்டேன், தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். நான் கேட்டது இப்படியில்லை அக்கா. சீக்கிரம் வா.