ஆறாவது கட்டத்தில் மஞ்சு

மூளையின் மின்னலையைப் பிடிக்கும் கருவி செய்கிறவள், அதைத் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டு பெற்றோர் முன்னால் உட்காரக் கூடாது. இந்த அறிவு எனக்கு உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

ஓசூரில் ஒரு சின்ன கம்பெனி. பேச முடியாமல் படுத்திருக்கும் நோயாளிகளுக்காக ஒரு திரை செய்துகொண்டிருந்தோம். அதில் ஆறு கட்டங்கள்: தண்ணீர், சாப்பாடு, வலி, ஃபேன், டிவி. ஆறாவதில், கூப்பிட வேண்டிய ஆளின் பெயர். அதில் நான் போட்டது: மஞ்சு. (மாதிரிக்குத்தான். சத்தியமாக.)

கட்டங்கள் மாறி மாறி மின்னும். வேண்டிய கட்டம் மின்னி, நொடியில் மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும், மூளையின் மின்னலையில் சின்ன மேடு ஒன்று எழும். எத்தனை பஸ் வந்தாலும் நமக்கு வேண்டிய ஊத்தங்கரை போர்டைக் கண்டதும் நிமிர்கிறோமே, அதுபோல. கண் சிமிட்டினாலே அந்த மேடு மூழ்கிவிடும். அதனால் பலமுறை மின்னவிட்டு, சராசரி எடுத்து, எந்தக் கட்டத்துக்கு மேடு உயரம் என்று கணினி முடிவு செய்யும். மனசைப் படிக்க அதற்குத் தெரியாது. எதைக் கண்டு நிமிர்ந்தாய் என்பதை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம் மஞ்சு என்றால் பெண். அந்தப் பக்கம் மஞ்சுநாத். கூட வேலை பார்த்த எங்கள் மஞ்சுவுக்கு ஆறடி உயரம், அடர்ந்த மீசை, சிக்கிய ஒயர்களைப் பிரிப்பதில் அசாத்தியப் பொறுமை. கல்லாவியில் இருக்கும் அம்மாவிடம் ஒரு வருடமாக, "மஞ்சு வந்துச்சு, மஞ்சு பஸ் ஏத்திவுட்டுச்சு" என்றே பேசிவந்தேன். பொய் சொல்லவில்லை, விகுதியை மட்டும் ஒளித்தேன். அம்மா பூரித்துப்போய் மஞ்சுவுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் கொடுத்தனுப்பினாள். (அவன் அசரவில்லை. வளையலுக்கு ஒன்றாக ஒயர்களைக் கோர்த்துச் சுவரில் மாட்டிக்கொண்டான்.)

அந்தச் சனிக்கிழமை கம்பெனியில் குடும்ப நாள். திங்கட்கிழமை மஞ்சு ஹுப்பள்ளியில் புது வேலைக்குப் போகிறான். அவனிடம் சொல்ல வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். நான்கு குறிப்புகள். ஒன்றுகூட வாயைத் தாண்டவில்லை.

முதல் வரிசையில் அப்பா, அம்மா. என் தலையில் ஒயர் தொப்பி. 'தண்ணீர்' எத்தனை முறை மின்னுகிறது என்று நான் எண்ண வேண்டும். மஞ்சு திரைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான். எண்ணினேன். கணினி உரக்கச் சொன்னது: "மஞ்சு."

சிரிப்பு. மறுபடி எண்ணினேன். "மஞ்சு."

மூன்றாவது முறையும் அதேதான். அவன் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றான். "நீரு பேக்கா, மேடம்?"

அம்மா எழுந்தே விட்டாள். "ஏன்டி, இதா உன் மஞ்சு? மீச வெச்சிருக்குது!"

"என்னம்மா, மெஷின் ரிப்பேரா?" என்றார் மேனேஜர்.

நிதானமானவள் என்று எனக்குப் பெயர். நிதானமாகவே கெடுத்தேன். "மூணு காரணம் இருக்கலாம் சார். ஒண்ணு, பயிற்சி டேட்டா பத்தல. ரெண்டு, ஒயர் ஆடியிருக்கும். மூணு, எண்ணெய். தலையில எண்ணெய் இருந்தா கருவி சரியா ஒட்டாது. நேத்து எங்கம்மா வெச்சிவுட்டாங்க."

"நானா? எண்ண பக்கமே போவாதன்னு போன்ல கத்துனது யாரு? நேத்து வந்ததும் சீயக்கா போட்டுத் தேச்சிவுட்டது நானு!"

கூரை அதிரச் சிரித்தார்கள். மஞ்சு சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "எண்ணெய் இல்ல மேடம்."

"அப்போ ஒயர்தான்," என்றேன். (பட்டியலில் இன்னும் காரணம் மீதமிருந்ததே!)

அவன் ஒயரையே கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி மேடம்."

திங்கட்கிழமை அவன் மேசை காலி. சுவரில் ஒயர்கள் சிக்கில்லாமல் பதினொரு வளையல்களில் தொங்கின. ஒன்று உடைந்திருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். அதற்கு மட்டும் நான் பட்டியல் போடவில்லை.

வீட்டில் அந்தக் கதை இன்னும் ஓடுகிறது. குழம்பில் உப்பு கூடினால், "எண்ண வெச்சிவுட்டாங்க" என்கிறார் அப்பா. தண்ணீர் வேண்டுமென்றால் யாரும் தண்ணீர் கேட்பதில்லை. "மஞ்சு!" என்று குரல் கொடுக்கிறார்கள், யாராவது செம்போடு வருகிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும்தான்.

ஆனால் சிரிப்பதற்கு முன்னால், நொடியில் மூன்றில் ஒரு பங்கு கழித்து, நிமிர்ந்து வாசலைப் பார்த்துவிடுகிறேன்.