சும்மா ஓடிய சாவிக்காரன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பாள் மனைவி ரெஜினா. நம்ப வேண்டாம்.) அந்தப் படிப்போடுதான் வங்காலையில் ஐஸ் பக்டரி கட்டினேன். கடல் தொழிலை ஏன் விட்டேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு கதை சொல்லி வைத்திருந்தேன்: இலுப்பைக்கடவைக்கு நேரே புயல், பிளந்த படகு, என் தோளில் இரண்டு பேர். பக்டரி வளர்ந்ததற்குக் காரணம் ஒரே விதி. என்ன வேலை செய்கிறதென்று தெரியாமல் ஓடும் மெசினை உடனே நிறுத்து.

அந்த விதியை ஒருநாள் வீட்டுக் கணினியிலும் காட்டினேன்.

பழைய கணினி அது. மகள் ஜெனி கனடாவுக்குப் போகுமுன் அதில் லினக்ஸ் போட்டுத் தந்தாள். இன்னும் என்னென்னவோ வைத்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன்பிறகு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கடவுச்சொல் தானாக வந்து விழுந்தது. கணினிக்கு முதலாளியைத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் மட்டும், "எல்லாம் என்ர தலைக்குள்ள கிடக்கு" என்றேன்.

ஜெனிக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது. அங்கே பெண் துணை யாருமில்லை. ரெஜினா போக வேண்டுமானால் விசாவுக்குக் கைரேகை கொடுக்கும் நாளை இணையத்தில் பதிய வேண்டும். காலை ஒன்பதுக்குத் திறந்தால் சில நிமிடங்களில் இடமெல்லாம் போய்விடும். தவறினால், பிள்ளை பிறந்த பிறகுதான் இவள் போய்ச் சேருவாள்.

எட்டரைக்கே உட்கார்ந்தேன். பக்கத்தில் பாஸ்போட்டும் கையுமாக ரெஜினா. பின்னால் அவளுடைய தம்பி அந்தோனி, படகுக்காரன். கணினி வேகமாக ஓடட்டும் என்று, ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலைத் திறந்தேன். ஒன்று திரையில் முகமே காட்டாமல் பின்னால் ஒளிந்து ஓடியது. பெயரும் விளங்கவில்லை. கள்ளன்! நிறுத்தினேன்.

"பாத்தியோ அந்தோனி, இதுதான் அனுபவம்."

ஒன்பதுக்குப் பக்கத்தைத் திறந்தேன். கடவுச்சொல் பெட்டி காலி. மூடித் திறந்தேன். காலி.

"அடியுங்கோவன் அத்தான். தலைக்குள்ள கிடக்கெண்டீங்கள்."

தூங்கிக்கொண்டிருந்த ஜெனியைத் தொலைபேசியில் எழுப்பினேன். ஸ்பீக்கரில் போட்டாள் ரெஜினா.

"அப்பா, மேல மூலையில சாவிப் படம் நிக்குதோ?"

"இல்லைப் பிள்ளை. ஒண்டு சும்மா ஓடிக்கொண்டு நிண்டது, நிப்பாட்டிப்போட்டன்."

ஜெனிக்குத் தூக்கம் முழுதாகக் கலைந்தது.

"அதுதானப்பா உங்கட பாஸ்வேர்ட் எல்லாத்தையும் வைச்சிருக்கிறது!"

அவள் சொல்லச் சொல்ல அதைத் திரும்ப ஓட வைத்தேன். கணினியை நான் அணைப்பதேயில்லை; முதல் நாளுக்குப் பிறகு இப்போதுதான், தன்னைத் திறக்க அது ஒரு வசனம் கேட்டது.

"மறக்கவும் கூடாது, ஒருத்தருக்கும் வாயால சொல்லவும் மாட்டீங்கள், அப்பிடி ஒண்டு போடுங்கோ எண்டனான். ஞாபகம் இருக்கோ?"

இருந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் என் விரல் ஒன்று விழுந்தால் இரண்டு எழுத்து அமுங்கும்; திரையிலோ வெறும் புள்ளிகள். பிழை என்றது. மறுபடியும் பிழை. ஒன்பது நான்கு.

"எழும்புங்கோ," என்று ரெஜினா கதிரையை இழுத்தாள். "நீங்கள் சொல்லுங்கோ, நான் அடிக்கிறன்."

"அந்தோனி, நீ கொஞ்சம் வெளியில போ."

"நான் ஏன் போக? என்ர மருமகளின்ர அலுவல்."

ஒன்பது ஐந்து. வியர்த்து ஊற்றியது.

"அப்பா," ஜெனியின் குரல் உடைந்தது. "அம்மா இல்லாம எனக்குப் பயமாக் கிடக்கு."

கண்ணை மூடிக்கொண்டேன்.

"கடலுக்குப் போனால்..."

டொக் டொக் டொக். "போனால்?"

"எனக்கு..."

"எனக்கு?"

"சத்தி வரும்."

ரெஜினாவின் விரல் அந்தரத்தில் நின்றது.

"அப்ப இலுப்பைக்கடவைப் புயல்?" என்றான் அந்தோனி.

"காத்துக்கூட அடிக்கேல்லை. படகுக்குள்ள வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருந்தனான். நீ அடியணை!"

அடித்தாள். திறந்தது. கடவுச்சொல் வந்து விழுந்தது. மூன்று இடங்கள் மிச்சம், ஒன்றைப் பிடித்தோம்.

ரெஜினா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, பேரனைக் கையில் ஏந்தினாள். அந்தோனியோ, இடம் பிடித்த அன்று பின்னேரமே என் கதையோடு கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். ஐஸ் எடுக்க வருகிறவர்கள் இன்றும், "முதலாளி, ஐஸ் தண்ணியில ஆடுறதைப் பாத்தாலும் தலை சுத்துமோ?" என்று கேட்கிறார்கள்.

ஊருக்கெல்லாம் தெரிந்தது பூட்டாகாது, மாற்றுங்கோ என்றாள் ஜெனி. வேறொரு வசனம் போட்டேன். ஆனாலும் விருந்தாளிகள் முன் நான் ஏதாவது பழைய வீரம் பேசத் தொடங்கினால், ரெஜினா ஒன்றும் சொல்லாமல் மேசையில் விரலால் தட்டுவாள்: டொக் டொக் டொக். உடனே வாயை மூடிக்கொள்வேன். புதிய வசனத்தையும் கண்டுபிடித்துவிட்டாளோ என்ற பயம்தான்.