செவலை போட்ட பின்னக் கணக்கு

கல்வராயன் மலையில் ஒரு வெள்ளாடு, பின்னக் கணக்கில், கள்ளக்குறிச்சி டவுன் பிள்ளைகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளி மாவட்டத்திலேயே முதலிடம் வாங்கியது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மலையில் யாரும் சிரிக்கவில்லை. பலாப்பாடி நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆதிமூலம் ஒருவர்தான், "அது மட்டும் நடக்கவே நடக்காது" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

எல்லாம் ஒரு டேப்லட் திறக்காததில் ஆரம்பித்தது.

"சார், மூஞ்சி பொருந்தலன்னு சொல்லுது சார்" என்றாள் ஆறாம் வகுப்பு எழில்மதி.

கணக்கு வாத்தியார் இளஞ்செழியன் வாங்கிப் பார்த்தார். மலைப் பள்ளிகளுக்கென்று வந்திறங்கிய டேப்லட்டுகள், பிள்ளைக்கு ஒன்று. கேமராவில் முகத்தைக் காட்டினால்தான் கணக்குப் பாடம் திறக்கும். முந்தின நாள்தான் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பதிந்திருந்தார்.

"நேத்து ஒழுங்காத்தான பச்சை டிக் வந்துச்சு? துப்பட்டாவ எடுத்துட்டுக் காட்டு."

"துப்பட்டா இல்ல சார். நேத்து செவலை இருந்துச்சி."

செவலை என்பது அவள் வளர்க்கும் தாயில்லாத ஆட்டுக்குட்டி. அப்பா முனியன் கரும்பு வெட்ட மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போய்விட்டதால், எழில்மதி அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் எங்கும் போவாள், பள்ளிக்கூடத்துக்கும். முகம் பதியும் நேரத்தில் அது கழுத்தை நீட்டிக் கேமராவை முறைத்திருக்கிறது.

சோதித்துப் பார்க்கக் குட்டியைத் தூக்கிக் காட்டினார்கள். 'வணக்கம் எழில்மதி' என்று டேப்லட் இனிமையாக வரவேற்றது.

இளஞ்செழியன், சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான பஸ் திருப்பத்துக்கு ஓடி, கள்ளக்குறிச்சிக்குப் போன் போட்டார்.

"முகத்தை மாத்தணும்னா, பதிஞ்ச முகத்தோட அந்த ஸ்டூடண்ட் இங்க நேர்ல வந்து லாகின் பண்ணணும் சார்" என்றது மறுமுனை.

"அது ஆடுங்க."

"யாரா இருந்தாலும் அதுதான் ரூல் சார்."

சரி, ஆடும் வகுப்புக்கு வரட்டும் என்று விட்டார். முதல் நாள் அது பின்னக் கணக்குச் சார்ட்டில் பாதியைத் தின்றது. மறுநாள் மீதிப் பாதி. மூன்றாம் நாள் ஆதிமூலம் வந்துவிட்டார்.

ஆதிமூலத்துக்கு முன்னால் அவர் மீசை வரும். காலையில் கச்சிராயபாளையம் பஸ்ஸிலிருந்து முதலில் மீசை இறங்கும், பிறகு குடை, அதற்கப்புறம்தான் அவர். தமிழ் வாத்தியாராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர். புலியே எதிரில் வந்தாலும் வெண்பா சொல்லி அனுப்பிவிடுவார். கணக்கு என்றால் மட்டும் மீசை தொங்கிவிடும். வருகைச் சதவீதம் போடக்கூட தினமும் சாயங்காலம் இளஞ்செழியனைத்தான் கூப்பிடுவார்.

"இன்னா சார் இது, பள்ளிக்கூடமா பட்டியா?"

"டேப்லட் திறக்கணும்னா ஆடு வேணுங்க ஐயா."

"அந்தப் பலகைய தேய்ச்சிக்கினு இருந்தா கணக்கு வந்துடுமா? இதால ஒரே ஒரு உசுருக்குப் பின்னக் கணக்கு வந்துடட்டும், நான் மீசைய எடுத்துடறேன்."

வகுப்பே வாயைப் பிளந்தது. அந்த மீசையை எடுப்பதென்றால் மலையில் பாதியை எடுப்பது மாதிரி.

ஆட்டைத் தம் அறை ஜன்னலோரம் கட்டச் சொன்னார் ஆதிமூலம். டேப்லட்டைத் தம் மேஜைமேல் வைத்துக்கொண்டார். எழில்மதி பக்கத்து இருக்கை அபிநயாவோடு ஒரே டேப்லட்டில் கணக்குப் போட ஆரம்பித்தாள். அப்பாடா என்று இளஞ்செழியன் மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் சுற்றறிக்கை வந்தது: பயன்படுத்தாத டேப்லட் ஒன்று இருந்தாலும், அந்தப் பள்ளியின் மொத்த டேப்லட்டும் திரும்பப் பெறப்படும்.

இளஞ்செழியனுக்குத் தூக்கம் போயிற்று. கழித்தல் என்றாலே காய்ச்சல் வந்த பிள்ளைகள் இப்போது மதியச் சாப்பாட்டு மணியை மறந்து கணக்குப் போடுகிறார்கள். அதைப் பிடுங்கிக்கொண்டு போவதா?

வார முடிவில் டேப்லட்டுகளைப் பையில் சுமந்து பஸ் திருப்பத்துக்குப் போய் மதிப்பெண்களை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் போன் அலறியது. பின்னக் கணக்கில் மாவட்டத்திலேயே முதலிடம்: எழில்மதி, பலாப்பாடி.

"நீ எப்பம்மா போட்ட?" என்று வகுப்புக்கு ஓடிவந்து எழில்மதியிடம் கேட்டார்.

"நான் அத தொடவே இல்ல சார். அபிநயாகிட்டதான் இருக்கேன். என் மூஞ்சிக்குத்தான் தொறக்காதே."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் தலைமையாசிரியர் அறை ஜன்னலோரம் பார்த்தார்கள். செவலை பலா இலையை மென்றபடி, விடை தெரிந்தவள் மாதிரி தலையாட்டியது.

"சார்ட்ட தின்னுச்சே, அதான் சார்" என்றாள் அபிநயா. "பின்னம் பூரா வவுத்துலதான இருக்கு."

சாயங்காலத்துக்குள் மலை முழுக்கச் செய்தி பரவியது. செவலைக்குத் தீவனம் குவிந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் அதன் கொம்பைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஆதிமூலம் மட்டும், "ஆடு கணக்குப் போடாதுடா, அது மட்டும் நடக்கவே நடக்காது" என்று கத்தினார். மறுநாளிலிருந்து பல்வலி என்று மூக்குக்குக் கீழே துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். சதவீதம் போட இளஞ்செழியனைக் கூப்பிடுவதைக்கூட நிறுத்தி நாளாகியிருந்தது. ஆட்டை உள்ளே விட்ட கோபம் போல என்று இவர் நினைத்துக்கொண்டார்.

எழில்மதிக்குச் சான்றிதழ் தர வட்டாரக் கல்வி அலுவலர் நிர்மலா ஜீப்பில் வந்துவிட்டார்.

"எங்க, பாப்பாவ ஒரு கணக்குப் போடச் சொல்லுங்க, பாக்கலாம்."

டேப்லட் திறக்கவில்லை. இளஞ்செழியன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மேடம், ஒரு நிமிஷம்" என்று செவலையைக் கொண்டுவந்தார். 'வணக்கம் எழில்மதி' என்றது டேப்லட்.

நிர்மலா ஆட்டைப் பார்த்தார். இளஞ்செழியனைப் பார்த்தார். "அப்ப ஆடா கணக்குப் போட்டுச்சு?"

"ஊர்ல அப்படித்தான் பேசிக்கறாங்க மேடம்."

"போடட்டும்."

அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டது டேப்லட். செவலை நாக்கால் ஒரு நக்கு நக்கியது. விடை ஏழு. அடுத்த கேள்விக்கும் ஏழு. பிறகு அலுத்துப்போய் நிர்மலாவின் கையிலிருந்த சான்றிதழின் மூலையைக் கடித்தது.

"இளஞ்செழியன், பொண்ணு பேர்ல நீங்களே உட்கார்ந்து போட்டிருக்கீங்க." நிர்மலாவின் குரல் தணிந்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "டேப்லட்ட எல்லாம் ஜீப்ல ஏத்தச் சொல்லுங்க. உங்களுக்கு மெமோ வரும்."

"நான் தொடல மேடம். அது ஐயா ரூம்லயேதான் இருந்துச்சு."

"நீங்களும் போடல, பாப்பாவும் போடல, ஆடும் போடல. அப்ப யாரு?"

டிரைவர் டேப்லட்டுகளை அடுக்கத் தொடங்கினார். அபிநயா தன்னுடையதை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஆதிமூலம். கையில் பலா இலைக் கொத்து. அதைக் கண்டதும் செவலை துள்ளி ஓடி அவர் காலை உரசியது. அவர் மெதுவாகத் துண்டை அவிழ்த்தார். மீசை இருந்த இடம் உரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தது.

"செழியன் சார் மேல தப்பு இல்லைங்க மேடம். டேப்லட்ட எடுத்துக்கினு போவாதீங்க" என்றார் ஆதிமூலம். "மத்தியானத்துல கதவ சாத்திக்கினு, எலையக் காட்டுனா இது நிமுந்து பாக்கும், பலகையும் தொறந்துக்கும். பலகை கணக்கு கத்துக்குடுக்குது, நான் ஒத்துக்கறேன். செவலை மூஞ்சிய மட்டுந்தாங்க காட்டுச்சி. கணக்கு போட்டது நான்."