கால்கட்டு இல்லாத கோழி

சமையலறையில் புகை கிளம்பியதும் எலக்ட்ரீஷியன் முதலில் மெயின் சுவிட்சைத்தான் அணைத்தார். பழக்கதோஷம். ஒயரில் கோளாறு ஒன்றும் இல்லை, கோழிதான். ஓவனுக்குள் மல்லாந்து கிடந்த முழுக்கோழி இரண்டு காலையும் அகல விரித்து, பழுத்துச் சிவந்த மேல்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இன்னும் ஒரு மணி நேரத்தில் மருந்துக்கடைப் பெண்ணும் அவள் அப்பாவும் சாப்பிட வருகிறார்கள். நாற்பது வயதில் தயங்கித் தயங்கி அவளிடம் மனசைச் சொன்னார், அவளும் தலையாட்டிவிட்டாள். இனி எல்லாம் பெரியவர் கையில். மாப்பிள்ளையோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் பதில் சொல்வாராம். அவரை அசத்திவிடும் வீராப்பில்தான் ஆரஞ்சும் தேனும் தடவிய முழுக்கோழி.

செய்முறை சொல்லிக்கொடுத்த அக்காவுக்குப் போன் போட்டார்.

"காலையில படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, முதல்ல கால்கட்டு, மத்ததெல்லாம் அப்புறம்னு."

"அது எனக்குன்னு நினைச்சேன்க்கா."

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பதினைந்து வருஷமாக அக்கா வாயைத் திறந்தாலே தம்பிக்கு ஒரு கால்கட்டு போட்டுவிட வேண்டும் என்ற பேச்சுதான். அந்த வார்த்தை வந்ததும் "சரிக்கா" என்று சொல்லிவிட்டுக் காதை மூடிக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை. கோழிக்கும் காலைக் கட்டுவார்கள் என்று யார் கண்டது?

வீட்டில் நூல் இல்லை. ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் கட்டினார். அது உருகிக் காலோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு காலையும் வெட்டி எறிந்தார். வெட்டுப்பட்ட இடத்தை மறைக்க மிச்சத் தேனைக் கவிழ்த்தார். தேன் கருகி, கோழி தார் நிறத்துக்கு வந்தது. கருப்பை மறைக்க ஆரஞ்சைத் தோலோடு நறுக்கி அடுக்கி மறுபடி உள்ளே தள்ளினார். அந்தக் கசப்பும் கறியில் இறங்கியது.

அழைப்பு மணி அடித்தது.

பெரியவர் ஒரு துண்டை வாயில் போட்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். எலக்ட்ரீஷியனுக்கு அழுகையே வந்துவிட்டது. தேறிய சதையை வந்தவர்களுக்கு வைத்துவிட்டு, கருகியதையெல்லாம் தன் தட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டார். முகம் சுளிக்காமல் தின்று முடித்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

கை கழுவும் இடத்தில் பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். எலக்ட்ரீஷியன் தலையைத் தொங்கப் போட்டபடி, சமையல் சரியாக வரவில்லை என்று முணுமுணுத்தார்.

பெரியவர், மகள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"உங்க சமையல் யாருக்கு வேணும் மாப்பிள்ளை? என் பொண்ணு சமைக்கிறதை உங்களால சாப்பிட முடியுமான்னு பார்க்கத்தான் வந்தேன்."